பச்சோந்தி வளர்க்க ஆசையா? கூண்டு எப்படி இருக்கணும், சட்டம் என்ன சொல்லுது? முழு விளக்கம்

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் எப்படியும் ஒரு பச்சோந்தி வீடியோ வந்துவிடுகிறது. விரலைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நடக்கும், ஒரு கண் முன்னாடி பார்க்கும், இன்னொரு கண் பின்னாடி பார்க்கும், சட்டென்று நாக்கு பறந்து போய் ஒரு பூச்சியைக் கவ்வி வரும். கமெண்ட்டில் "ப்ரோ, எங்க கிடைக்கும்?" என்று நூறு பேர் கேட்டிருப்பார்கள். "இதை எப்படி வைத்துக் காப்பாற்றுவது?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

வீட்டில் வளர்க்கும் பச்சோந்திகளில் பல, முழு ஆயுளை எட்டாமலேயே இறந்துபோகின்றன. பெரும்பாலும் காரணம் விநோதமான நோய் எதுவும் இல்லை. கூண்டுதான். வெளிச்சம் சரியில்லை, காற்று ஓடவில்லை, தண்ணீர் குடிக்க வழியில்லை, பெண் பச்சோந்திக்கு முட்டையிட இடமில்லை. இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருக்கும். கூண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு முதல் கேள்வியே அதுதான்.

நம்ம ஊர் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் முட்புதர்களிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பது, வீட்டில் வைத்திருப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். "தோட்டத்துல தானா வந்துச்சு சார்" என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு, கழுத்து சிவந்து நிற்பது ஓணான். அது பச்சோந்தி இல்லை. பச்சை, ஓந்தி என்ற இரண்டு சொல்லும் சேர்ந்ததுதான் பச்சோந்தி. ஓந்தி என்பது ஓணானுக்கே உள்ள இன்னொரு பெயர். பெயரில் உறவு இருந்தாலும் ஆள் வேறு. ஓணான் விறுவிறுவென்று ஓடும். பச்சோந்தி காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் அசைந்து, அடி மேல் அடி வைத்து நடக்கும். வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றும்.

வெளிநாட்டுப் பச்சோந்தி என்றால் பரவாயில்லையா?

அதிலும் கவனம் வேண்டும். செல்லப்பிராணியாக உலகம் முழுக்க அதிகம் விற்கப்படுவது ஏமன் பச்சோந்தி. ஏமன், சவுதி அரேபியா நாடுகளின் மலைச்சரிவுகளைச் சேர்ந்தது. தலையில் தொப்பி மாதிரி உயர்ந்த கொண்டை இருக்கும். அடுத்தது மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி. இரண்டுமே சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது.

இந்தியாவில் வன உயிரினச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. சைட்டீஸ் பட்டியல் உயிரினங்கள் நம் சட்டத்துக்குள் நான்காவது அட்டவணையாக நுழைந்தது அப்போதுதான். அதைத் தொடர்ந்து 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வெளியாயின. இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரித்தாலும், இறந்துபோனாலும், வேறு கைக்கு மாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஆன்லைனில் "எக்ஸாட்டிக் பெட், டாக்குமெண்ட் எல்லாம் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வரியே போதும், அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பாங்காக்கில் இருந்து வந்த பயணியின் பெட்டியில் அரிய வகை உயிரினங்கள் சிக்கின என்ற செய்தியைச் சென்னை விமான நிலையத்தில் இருந்து எத்தனை முறை போட்டிருக்கிறோம்! காகிதம் இல்லாமல் கைமாறும் விலங்கு பெரும்பாலும் அந்தப் பெட்டி வழியாக வந்ததாகத்தான் இருக்கும். பல நாள் சாக்ஸுக்குள்ளோ டப்பாவுக்குள்ளோ மூச்சுத் திணறி வந்த விலங்கு, எவ்வளவு நல்ல கூண்டில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் பச்சோந்தி வளர்க்க அனுமதியே இல்லை. ஊர்வனவற்றில் அங்கே அனுமதிக்கப்பட்டவை இரண்டு வகை ஆமைகள் மட்டும்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் பண்ணையில் பிறந்த ஏமன் பச்சோந்தி கடைகளிலேயே கிடைக்கும். ஆனால் ஹவாயில் தடை. அங்கே 1972-இல் செல்லப்பிராணி வியாபாரத்துக்காக வந்த சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகள் தோட்டத்தில் இருந்து வெளியேறி, காட்டில் பெருகி, இன்றுவரை உள்ளூர் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்றுகொண்டிருக்கின்றன. கூண்டுக் கதவில் நல்ல கொக்கி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

இனி வருவது, சட்டப்படி ஒரு ஏமன் பச்சோந்தியை வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று நேர்மையாக யோசிப்பவர்களுக்கும்.

மீன் தொட்டி ஏன் கூடாது?

முதலில் பலர் செய்வது, வீட்டில் சும்மா கிடக்கும் மீன் தொட்டியைத் துடைத்து, அதில் ஒரு கிளையை வைத்து, பச்சோந்தியை உள்ளே விடுவது. மூன்று விதத்தில் இது ஆபத்து.

முதலாவது காற்று. பச்சோந்தி மரக்கிளையில், காற்றோட்டத்தில் வாழும் பிராணி. நான்கு பக்கமும் கண்ணாடி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், பூஞ்சை வரும், பிறகு நுரையீரல் தொற்று. இரண்டாவது வெப்பம். கண்ணாடித் தொட்டி மேல் விளக்கைப் போட்டால் உள்ளே எல்லா மூலையும் ஒரே சூடாகிவிடும். பிராணிக்கு ஒதுங்க இடம் இருக்காது. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: கண்ணாடியில் தன் உருவமே தெரியும். பச்சோந்திக்கு இன்னொரு பச்சோந்தியைப் பார்ப்பதே பிடிக்காது. நாள் முழுக்க ஒரு எதிரி முன்னால் நிற்கிற மாதிரி அதற்கு இருக்கும். உடம்பை உப்பவைத்துக்கொண்டு, நிறம் கறுத்து, சாப்பாட்டை விட்டுவிடும்.

அதனால் கம்பிவலைக் கூண்டுதான் பொது விதி. வளர்ந்த ஏமன் பச்சோந்திக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் குறைந்தபட்சம். உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. ஆண் பச்சோந்தி வாலோடு சேர்த்து ஒன்றரை அடியைத் தாண்டி வளரும். "இப்போ குட்டிதானே, சின்னக் கூண்டு போதும்" என்று வாங்கினால் ஒரு வருடத்துக்குள் மறுபடி வாங்க வேண்டிவரும், செலவு இரண்டு மடங்கு.

வலை எந்த வலை என்பதும் முக்கியம். ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலை ஆகாது. தீனிக்கு விடும் சில்வண்டு அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும்; பச்சோந்தியின் நகமும் அதில் மாட்டி பிய்ந்துவிடும். அலுமினிய வலை, அல்லது பிளாஸ்டிக் பூச்சு உள்ள இரும்பு வலை நல்லது. நாமே செய்தால் வெட்டிய கம்பி முனை ஒன்றுகூட உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கையை உள்ளே விட்டு, எல்லா மூலையும் தடவிப் பாருங்கள். உங்கள் கையைக் கீறுவது அதன் காலைக் கிழிக்கும்.

ரொம்பக் குளிரான அல்லது ஹீட்டரால் காற்று வறண்டுபோகும் நாடுகளில் இருப்பவர்கள் மட்டும் இரண்டு மூன்று பக்கத்தை பி.வி.சி. பலகையால் மூடி, கீழேயும் மேலேயும் காற்று வழி விட்ட கூண்டைப் பயன்படுத்தலாம். சென்னைக்கோ திருச்சிக்கோ அது தேவையே இல்லை.

கூண்டை வீட்டில் எங்கே வைப்பது?

தரையில் வைக்கவே கூடாது. மேலே இருந்து வருவதெல்லாம் பச்சோந்திக்குப் பருந்துதான். நாம் குனிந்து பார்த்தால் அதற்கு நெஞ்சு அடைக்கும். உச்சிக் கிளை நம் கண் உயரத்துக்கு மேலே வருகிற மாதிரி ஒரு மேசை மேலோ ஸ்டாண்டு மேலோ வையுங்கள். நாம் அதை அண்ணாந்து பார்க்க வேண்டும், அது நம்மைக் குனிந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பல பச்சோந்திகள் சாந்தமாகிவிடும்.

ஹாலில் டி.வி. பக்கத்தில் வேண்டாம் (டி.வி. சேனலில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது). ஆட்கள் நடமாட்டம், சத்தம், மின்னும் திரை எல்லாமே அதற்குத் தொல்லை. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடம், ஃபேனுக்கு நேர் கீழே, சமையல்கட்டு ஆகியவையும் வேண்டாம். கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி புகை அந்த அறைக்கே வரக் கூடாது. பூனை இருக்கும் வீடு என்றால் அறைக் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் வர வேண்டும். பூனை தொடாமல் வெறுமனே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பச்சோந்திக்கு அது வேட்டைதான். பின்பக்கமும் ஒரு ஓரமும் சுவரையொட்டி இருந்தால் நல்லது. நாலா பக்கமும் திறந்தவெளி என்றால் அதற்கு ஒளிய இடம் கிடையாது.

ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்திதான். "தனியா இருக்கே, பாவம், துணைக்கு ஒண்ணு வாங்கலாம்" என்பது மனித நினைப்பு. காட்டில் அது தனியாகத்தான் வாழ்கிறது. இரண்டு கூண்டுகள் இருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்காத மாதிரி நடுவே ஒரு மறைப்பு வேண்டும்.

விளக்குதான் பாதி உயிர்

கூண்டைவிட அதிகத் தப்பு நடப்பது விளக்கில். பச்சோந்திக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமல்ல. வெப்பமும், புற ஊதா பி கதிரும் வேண்டும். மூன்றும் மூன்று வேலை.

புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இருந்தால்தான் சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். கதிர் கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்குச் சுண்ணாம்புச் சத்தை எடுக்க ஆரம்பிக்கும். கால் வில் மாதிரி வளையும், தாடை ரப்பர் மாதிரி தொளதொளக்கும், நாக்கை எறியவே பலம் இருக்காது. வளர்சிதை எலும்பு நோய் என்பார்கள். வளைந்த எலும்பு மறுபடி நேராகாது. வளர்ப்புப் பச்சோந்திகளில் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய்களில் இது ஒன்று. சரியான ஒரு குழல் விளக்கு இருந்தால் இதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

"ஜன்னல் பக்கத்துல வெச்சிருக்கேன், நல்லா வெயில் வருது" என்று சொல்பவர்கள் கவனிக்க: ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடி வழியாக வருவது சூடும் வெளிச்சமும் மட்டும்தான். கடையில் விற்கும் சுருள் வடிவ சின்ன பல்புகளும் போதாது. நீளமான டி5 வகைக் குழல் விளக்கு, 5 அல்லது 6 சதவீத வகை, ஏமன் பச்சோந்திக்குப் பொருந்தும். கூண்டின் மேல்வலை கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெயில் காயும் கிளையில் புற ஊதா குறியீடு ஏறத்தாழ 3 இருக்கலாம். அதை அளக்கும் கருவி இருக்கிறது. கருவி இல்லாதவர்கள் விளக்குத் தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். இன்னொரு விஷயம், இந்த விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டேயிருக்கும், ஆனால் கதிர் குறைந்துபோயிருக்கும். அதனால் எரிகிறதா என்று பார்க்காமல், வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். மாற்றிய தேதியை விளக்கின் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெப்பம். வெயில் காயும் கிளையில் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ். பெண்ணுக்கு அதைவிட இரண்டு டிகிரி குறைவாக வைப்பது நல்லது. கூண்டின் மற்ற பகுதி 22 முதல் 26 வரை. இரவில் அதைவிடக் குறைய வேண்டும். இதைப் படித்ததுமே தமிழ்நாட்டு வாசகருக்குப் புரிந்திருக்கும்: சித்திரை மாதத்தில் நம் வீட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் எப்படிச் சூடாக்குவது என்று சொல்லும். நம் ஊரில் பிரச்சினை எப்படிக் குளிர வைப்பது என்பதுதான். மே மாதப் பகலில் அறையே 35 டிகிரி இருந்தால் வெப்ப விளக்கு வேண்டவே வேண்டாம், புற ஊதா விளக்கு மட்டும் போதும். நிழலான, காற்று வரும் அறை, அடிக்கடி தூவல், தேவைப்பட்டால் ஏ.சி. பச்சோந்தி நிறம் வெளுத்து, வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். கொட்டாவி என்று நினைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

வெப்ப விளக்கு எப்போதும் கூண்டுக்கு வெளியே, மேல்வலைக்கு மேலேதான் இருக்க வேண்டும். உள்ளே தொங்கவிட்டால் அது ஏறிப் போய் அதையே பிடித்துக்கொள்ளும். ஏமன் பச்சோந்தியின் கொண்டை முதுகைவிட உயரமாக இருப்பதால், கிளையில் சரியான சூடு காட்டும் தெர்மாமீட்டர்கூட நம்மை ஏமாற்றும். கொண்டை நுனி அதைவிட விளக்குக்கு நெருக்கத்தில் இருக்கும், அங்கேதான் தீக்காயம் வரும். சூடு படுவதை உணர்ந்து அது உடனே விலகிவிடும் என்று நம்பாதீர்கள். தீக்காயங்கள் நிறைய வருவது அந்த நம்பிக்கையில்தான். ஆகவே அளவை கொண்டை வரும் உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

இரவில் எந்த விளக்கும் வேண்டாம். சிவப்பு விளக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி விற்பார்கள், தெரியும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. இருபது முப்பது நிமிஷ வேலையில் ஒரு டைமர் மாட்டிவிட்டால் நாம் ஊருக்குப் போனாலும் அது பார்த்துக்கொள்ளும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், குடிக்கலையே?

குடிக்காது. தேங்கி நிற்கும் தண்ணீரைத் தண்ணீர் என்றே பெரும்பாலான பச்சோந்திகள் அடையாளம் காண்பதில்லை. காட்டில் அது குடிப்பது இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும். கிண்ணம் நிறைய தண்ணீர் இருக்க, பக்கத்திலேயே தாகத்தால் சாகும் பிராணி இது. கிண்ணத்தில் மிச்சமாவது தவறி விழுந்த பூச்சிகளும் கிருமியும்தான்.

காலையில் விளக்கு எரிவதற்கு முன்பும், இரவு விளக்கு அணைந்த பிறகும் இலைகள் நனையும்படி நன்றாகத் தூவ வேண்டும். கை ஸ்ப்ரேயரே போதும், ஒரே நொடியில் நிறுத்தாமல் இரண்டு நிமிஷம் பொறுமையாக அடித்தால். பகலில் ஒரு சொட்டுநீர் பாட்டில்: பழைய தண்ணீர் பாட்டிலின் அடியில் ஊசித் துளை போட்டு மேல்வலை மேல் வைத்தால், ஒரு இலை மேல் சொட்டுச் சொட்டாக விழும். ஆஸ்பத்திரி டிரிப் குழாயைப் புதிதாக வாங்கி, வேகத்தைக் குறைத்து வைப்பவர்களும் உண்டு, அது இன்னும் வசதி. தானியங்கி தூவல் கருவி வைத்தால் உப்புத் தண்ணீரில் அதன் மூக்கு வாரத்துக்குள் அடைத்துக்கொள்ளும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஈரம் இரவில் அதிகமாகவும் பகலில் குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டு தூவலுக்கு நடுவே இலையும் கிளையும் முழுசாகக் காய வேண்டும். எப்போது பார்த்தாலும் சொதசொதவென்று இருந்தால் அதுதான் மூச்சுத் தொற்றுக்கு வழி, அதுவும் சூட்டோடு ஈரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஏற்கெனவே காற்றில் ஈரம் இருப்பதால் தூவலின் நோக்கம் குடிப்பதற்காக மட்டும்தான். குடிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? எச்சத்தில் ஒரு பகுதி வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி இருக்கும். அது வெள்ளையாக இருந்தால் நல்லது. மஞ்சள் தாண்டி ஆரஞ்சு நிறமாகிவிட்டால் உடம்பில் தண்ணீர் இல்லை.

தூவும் தண்ணீர் எல்லாம் கடைசியில் எங்காவது போயாக வேண்டும். கூண்டின் அடியில் துளையும் கீழே ஒரு தட்டும் இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே நாற்றம் வரும். தரையில் மணலோ தேங்காய் நார்த்தூளோ பரப்ப வேண்டாம். நாக்கை எறிந்து பூச்சி பிடிக்கும்போது அதையும் சேர்த்து விழுங்கிவிடும். வெறும் தரையே துடைக்கச் சுலபம்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மேலே விளக்கு, பக்கத்தில் தண்ணீர் தூவல். ஒயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள். ஒயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள். அந்த இணைப்பில் மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இது பச்சோந்திக்காக மட்டும் இல்லை, கூண்டுக்குள் ஈரக் கையை விடப்போவது நீங்கள்.

கிளையும் செடியும்

பச்சோந்தியின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விரல்கள் இரண்டு, மூன்று என்று இரு கட்டாகச் சேர்ந்து, இடுக்கி மாதிரி இருக்கும். அது தட்டையான இடத்தில் நடக்கப் படைக்கப்பட்டதே இல்லை. கூண்டுக்குள் அதன் தரை என்பது கிளைகள்தான். பென்சில் தடிமனில் இருந்து கட்டைவிரல் தடிமன் வரை, குறுக்கும் சாய்வுமாக, வெவ்வேறு உயரத்தில் கட்டுங்கள். மேலே சூடு, நடுவே இதம், கீழே நிழல் என எந்த இடத்துக்கும் நடந்தே போக வழி இருக்க வேண்டும். ஆட்டினால் ஆடாமல் உறுதியாக இருக்கணும். கொய்யாக் கிளை, புளியங்கிளை எதுவானாலும் பூச்சிமருந்து அடிக்காத மரத்தில் இருந்து எடுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வையுங்கள்.

பிளாஸ்டிக் இலை வேண்டாம். ஏமன் பச்சோந்திக்கு இலை தின்னும் பழக்கம் உண்டு. பிளாஸ்டிக்கைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். உயிருள்ள செடிதான் வைக்க வேண்டும். செம்பருத்தி அருமையான செடி, இலையையும் பூவையும் தின்னலாம். சின்ன இலை ஃபைக்கஸ், குடை மாதிரி இலை விரிக்கும் ஷெஃப்ளேரா, மணி பிளாண்ட் எல்லாம் உலகம் முழுக்கப் பயன்படுத்துபவை. நம் வீட்டு வாசலில் சாதாரணமாக இருக்கும் அரளி, எருக்கு இரண்டும் விஷம், உள்ளே வரவே கூடாது. நர்சரியில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, இலைகளைக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரங்கள் வெளியே வைத்திருந்துவிட்டு உள்ளே வையுங்கள். தொட்டி மண்ணின் மேல் கைப்பிடியில் அடங்காத பெரிய கூழாங்கற்களை அடுக்கிவிட்டால் மண்ணைத் தின்னாது.

கூண்டில் பாதிக்கு மேல் இலை அடர்ந்திருக்க வேண்டும். "அப்புறம் பச்சோந்தியே தெரியாதே" என்றால், ஆமாம், தெரியாதுதான். ஒளிய முடிந்த பச்சோந்திதான் துணிந்து வெளியே வரும்.

பெண் பச்சோந்திக்குத் தனியாக ஒன்று

கூண்டு விஷயத்தில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். ஏமன் பச்சோந்தியில் பெண், ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும், கோழி மாதிரி. ஒரு தடவைக்கு இருபது, முப்பது, அதற்கு மேலும் போகும். முட்டையிட அதற்கு மண்ணைத் தோண்டிக் குழி பறிக்க வேண்டும். குழி பறிக்க இடம் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகும். முட்டையடைப்பு என்று இதற்குப் பெயர். ஆரோக்கியமாக ஓடியாடிக்கொண்டிருந்த பெண் பச்சோந்தி இரண்டே நாளில் துவண்டு விழுந்தால் கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

ஒரு அடி உயரமுள்ள பக்கெட் அல்லது டப்பாவில், கழுவிய ஆற்று மணலும் உரம் கலக்காத மண்ணும் சேர்த்து, ஈரமாக நிரப்புங்கள். விரலால் சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் ஒழுகக் கூடாது. அதுதான் பதம். வளர்ந்த பெண் என்றால் இந்தத் தொட்டி கூண்டில் எப்போதுமே இருக்கட்டும். கீழே இறங்கி நடப்பதும், அங்கங்கே மண்ணைச் சுரண்டிப் பார்ப்பதும் தெரிந்தால் கூண்டின் கீழ்ப்பகுதியைத் துணியால் மூடிவிட்டு விலகிவிடுங்கள். ஆள் எட்டிப் பார்த்தால் பாதியில் குழியை விட்டுவிடும். ஆசைப்பட்டு வயிறு முட்டத் தீனி போடுவதும், கூண்டை அதிகம் சூடாக்குவதும் முட்டையின் எண்ணிக்கையைக் கூட்டி அதன் ஆயுளைக் குறைக்கும்.

ஆணா பெண்ணா என்று குட்டியிலேயே தெரியும். பின்னங்கால் குதிகாலில் சின்ன முள் மாதிரி இருந்தால் ஆண்.

நிறம் சொல்லும் சேதி

சுற்றுப்புறத்துக்குத் தக்கபடி நிறம் மாறும் என்பது நம் மனதில் ஊறிப்போன கருத்து. கட்சி மாறும் தலைவர்களை எல்லாம் பச்சோந்தி என்று தலைப்பில் எழுதி அந்தப் பிராணியின் பெயரைக் கெடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. உண்மையில் பச்சைத் துணியில் விட்டால் பச்சை, சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பு என்றெல்லாம் மாறாது. வெப்பம், பயம், கோபம், இணை தேடல் இவைதான் அதன் நிறத்தை மாற்றுகின்றன. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய குவானின் படிகங்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து அது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்தியில் கண்டறிந்து 2015-இல் வெளியிட்டார்கள்.

வளர்ப்பவருக்கு இது ரொம்ப உதவும். காலையில் கறுத்து இருந்தால் குளிர், வெயிலை வாங்கிக்கொள்கிறது. சூடேறியதும் பச்சைக்கு வந்துவிடும். ஆனால் நாள் முழுக்கக் கறுத்தே இருந்தால் கூண்டில் ஏதோ ஒன்று அதைத் தொந்தரவு செய்கிறது. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது தூக்கம் இல்லை, நோய். கண் உள்ளே குழிந்திருப்பது, மேல் கிளைக்கு ஏற முடியாமல் தரையிலேயே கிடப்பது, நாக்கு குறி தவறுவது எல்லாம் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பிராணியை வாங்கும் முன்பே விசாரித்து வைத்திருங்கள். சாயங்காலம் ஒருமுறை கூண்டில் மிச்சம் திரியும் சில்வண்டுகளைப் பொறுக்கி வெளியே போடுவதும் கட்டாயம், இரவில் அவை தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்.

கூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு எதையும் தொடாதீர்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது கூடுதல் கவனத்துக்குரிய விஷயம். கூண்டுத் தட்டைச் சமையல்கட்டு சிங்கில் கழுவ வேண்டாம்.

வளர்க்க முடியலைன்னா வெளியே விட்டுடலாமா?

விடக் கூடாது. வெளிநாட்டுப் பிராணி நம் தோட்டத்தில் பிழைக்காமல் போகலாம், அல்லது ஹவாய் கதையாகிவிடலாம். அது சுமந்துவரும் நோய் நம் ஊர் பச்சோந்திக்கும் தொற்றலாம். வனத்துறையிடம் தகவல் சொல்லி, பதிவு விதிகளின்படி கைமாற்றுவதுதான் வழி.

நம் ஊர் பச்சோந்தி சாலையைக் கடப்பதைப் பார்த்தால் செய்ய வேண்டியது வேறு. அதற்கு விஷம் கிடையாது. கடித்தாலும் சீறினாலும் ஆபத்து இல்லை, பயத்தில்தான் உப்பிக்கொண்டு சீறும். வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்னால் வரும் வாகனங்களைப் பார்த்துவிட்டு, ஒரு குச்சியை அதன் முன்னங்காலுக்கு நேராகக் கிடைமட்டமாக நீட்டுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவே பிடித்து ஏறும். முதுகைப் பிடித்துத் தூக்கவோ வாலைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கப் புதரில் குச்சியோடு வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் மட்டும் காற்று போகும் அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.